பயணியின் எடை

11ஆம் தேதி, திங்கள், பிற்பகல்

எதிர் மாடியில் அடைபட்டிருக்கும் கிராம் அவர்களுக்கு,

போனை அணைத்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் பதினொரு தடவை கூப்பிட்டீர்கள். பதினொரு தடவையும் ஒரே கேள்வி: "எத்தனை கிராம் குடிச்சா?" கடைசியில் நீங்கள் கத்தினீர்கள், நான் அழுதேன், குழந்தை நம் இருவரையும் விட நிதானமாகத் தூங்கினாள். அக்காவின் போனுக்கும் கூப்பிட வேண்டாம். உங்கள் அக்காதான் என்றாலும் இப்போது அவர் என் கட்சி. இனி எதுவானாலும் எழுதுங்கள். எழுதும்போதாவது மனிதர் கொஞ்சம் யோசிப்பார்.

டாக்டர் சொன்னதை மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கிராம் வராத வாக்கியத்தைக் காதில் வாங்குவதில்லை. எனக்கும் அக்காவுக்கும் சின்ன வயதிலேயே சின்னம்மை வந்து போய்விட்டது. குழந்தைக்கு என்னிடமிருந்தே கொஞ்சம் பாதுகாப்பு இருக்கும். ஆனாலும் உங்கள் கொப்புளங்கள் கடைசி ஒன்று வரைக்கும் காய்ந்து பொருக்கு விடாமல் நீங்கள் இந்தப் பக்கம் வரக் கூடாது. உங்கள் தராசுப் பட்டறை மாடியிலேயே இருங்கள். சாப்பாட்டை அக்கா படியில் வைப்பார், கடிதத்தையும் அவரே கொண்டு வருவார். உங்கள் கடிதத்தை பால்கனிக் கொடியில் கிளிப் மாட்டி ஒரு மணி நேரம் வெயில் காட்டிய பிறகுதான் என்னிடம் தருவாராம். அது டாக்டர் சொன்னதல்ல, அக்காவின் சொந்தச் சட்டம்.

இப்போது நிலவரம். அவள் அழகு. அதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் மற்றது அவ்வளவு அழகாக இல்லை. சரியாகப் பிடித்துக் குடிப்பதில்லை. வாயை வைக்கிறாள், நாலு இழுப்பு, தூக்கம். எழுப்பினால் ஒரு கண்ணைத் திறந்து, "இந்த நேரத்துல யாரும்மா?" என்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறாள். எனக்கு உயிர் போகிற வலி. எண்பது பேரை ஒரு பஸ்ஸில் அடக்கி, "உள்ள போ, உள்ள போ" என்று பன்னிரண்டு வருஷம் தொண்டை கிழிந்தவள் நான். மூன்று கிலோ ஆள் ஒருத்தியை ஒழுங்காக ஏற்றத் தெரியவில்லை.

அவளுக்குப் பெயர் வைக்கும்வரை 'பயணி' என்றுதான் கூப்பிடப் போகிறேன்.

கண்டக்டர்

*

11ஆம் தேதி, திங்கள், மாலை

அன்புள்ள கண்டக்டர் அம்மாவுக்கு,

பதினொரு தடவை இல்லை, ஒன்பது. இரண்டு தடவை லைன் கிடைக்கவில்லை.

கத்தியது தப்பு. தொண்டைக்குள்ளும் கொப்புளம். அந்தக் கடைசிக் கத்தலோடு குரலும் போய்விட்டது. அதனால் நீ போனை அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

யோசித்துத்தான் எழுதுகிறேன். பிறந்தபோது 3,100. இன்று காலை ஆஸ்பத்திரியில் அனுப்பும்போது 2,900. முதல் நாட்களில் குறைவது இயல்பு, பத்து சதவீதத்தைத் தாண்டினால்தான் கவலை என்று டாக்டர் சொன்னார். பத்து சதவீதம் என்றால் 2,790. இதற்குக் கீழே போகக் கூடாது. எனக்கு வேண்டியது அந்த ஒரு எண்தான். நான் அவளை இன்னும் பார்க்கவே இல்லை. நீ பிரசவ அறைக்குள் போன அன்று காலையில்தான் என் கழுத்தில் மூன்று கொப்புளம் வந்து உட்கார வேண்டுமா? மூக்கு எப்படி, முழி எப்படி என்று எதுவும் தெரியாது. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது எடை மட்டும்தான். அதையாவது விடாமல் சொல்.

படுக்கையறை மேசையில் நான் வைத்த தட்டுத் தராசு இருக்கிறது. தொட்டில் வாங்கும் முன்பே தராசு கொண்டு வந்தவன் என்று நீ சிரித்தாயே, அதேதான். ஒரு மாதம் உட்கார்ந்து சரிசெய்தது. முள்ளை நானே நிறுத்தி, ஸ்க்ரூவைப் பூட்டி அரக்கு வைத்திருக்கிறேன். யாரும் அதைத் தொடக் கூடாது. காலையில் பால் கொடுக்கும் முன்பு, உடம்பில் துணி இல்லாமல் தட்டில் படுக்க வை, முள் நிற்கும்வரை பொறு, எழுது. அவ்வளவுதான்.

உன் டிக்கெட் பை பஸ் படியில் விழுந்தபோது எடுத்துக் கொடுத்து, "ஒண்ணே முக்கால் கிலோ" என்று சொன்னவன் நான். நீ டெப்போவில் போய் நிறுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் என்னைத் தேடி வந்தாய். கையில் வாங்கினால் பத்து கிராம் வித்தியாசத்தில் சொல்லிவிடுவேன். இப்போது கையும் இல்லை. தராசுதான் என் கை.

கிராம்

*

12ஆம் தேதி, செவ்வாய், பிற்பகல்

கிராம் அவர்களுக்கு,

உங்கள் தராசின்படி காலையில் 2,710.

உட்காருங்கள். உட்கார்ந்துவிட்டீர்களா? இப்போது மேலே படியுங்கள்.

நானும் முள்ளைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். உடனே, நம் பகுதியில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸை வரச் சொன்னோம். ஒல்லியான ஆள், வாசலில் செருப்பை விடும்போதே, "அழுறது அம்மாவா பொண்ணா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் பையிலிருந்து ஒரு தொங்கு தராசை எடுத்து, குழந்தையைத் துணித் தூளியில் வைத்துத் தூக்கினார். அது 2,850 காட்டியது. உங்கள் தராசு சொன்னதைச் சொன்னேன். "என்னோடது பழசும்மா, முன்ன பின்ன காட்டும். எது சரியோ, ரெண்டுமே குறையுதுன்னுதான் சொல்லுது. இவ குடிக்கணும். முதல்ல அதைப் பார்ப்போம்" என்றார்.

பார்த்தார். ஐந்து நிமிஷம் குனிந்து அவள் வாயையே பார்த்தார். பிறகு, "நுனியை மட்டும் கடிச்சுக்கிட்டிருக்கா. அதான் உங்களுக்கு வலி, அவளுக்குப் பட்டினி" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கதவு பாதி திறந்திருக்கும்போதே நான் ஆளை ஏற்றிக்கொண்டிருக்கிறேன்! அவள் மூக்கு காம்புக்கு நேராக இருக்க வேண்டுமாம். கொட்டாவி விடுகிற மாதிரி வாய் முழுசாகத் திறக்கும்வரை காத்திருந்து, முகவாய் முதலில் படும்படி சட்டென்று அணைத்துக்கொள்ள வேண்டுமாம். அக்கா சுற்றி வைத்திருந்த கம்பளியை நர்ஸ் உரித்துவிட்டார். "இவ்வளவு கதகதப்பா இருந்தா நானே தூங்கிடுவேன்" என்றார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் பால்மாவு டப்பாவை எடுத்துக் காட்டியபோது நர்ஸ் அதையும் திட்டவில்லை. "தேவைப்பட்டா நானே கலந்து தருவேன், அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா இந்தம்மாவுக்குப் பால் இறங்க ஆரம்பிச்சிருக்கு. முதல்ல பீச்சி எடுத்து சின்னக் கிண்ணத்துல கொடுப்போம்" என்றார்.

ஆக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்ப வேண்டும், நெஞ்சோடு நெஞ்சாக வைத்துப் பால் கொடுக்க வேண்டும், பிறகு கிண்ணம். அவள் நனைத்த ஈரத் துணிகளை எண்ண வேண்டும். கெடு வியாழக்கிழமை காலை. அவர் வந்து எடை பார்ப்பார். ஏறியிருக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒரே ஒரு தடவை, நர்ஸ் கை வைத்துக் காட்டியபோது, அவள் சரியாகப் பிடித்தாள். வலிக்கவே இல்லை! நான் பேந்தப் பேந்த விழித்தேன்.

கண்டக்டர்

*

12ஆம் தேதி, செவ்வாய், மாலை

அன்புள்ள கண்டக்டருக்கு,

390 கிராம் குறைந்திருக்கிறது. பன்னிரண்டரை சதவீதத்துக்கும் மேல். எல்லையைத் தாண்டி எண்பது கிராம் போய்விட்டது. நீ வலி போய்விட்டது என்று எழுதுகிறாய்.

தொங்கு தராசா! ஸ்பிரிங்! எத்தனை பையில், எத்தனை வெயிலில் கிடந்ததோ. அம்பது அம்பதாகக் கோடு போட்ட அந்தச் சாமானை நான் காய்கறிக்கடையில்கூட விட மாட்டேன். என் தராசு பொய் சொல்லாது. இருபது வருஷத் தொழில். அது 2,710 என்றால் 2,710தான்.

வியாழன் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? நாளை காலை பத்து மணிக்கு வாசலில் கார் நிற்கும். பட்டறைக்கு வரும் டிரைவருக்குச் சீட்டெழுதிப் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போ. நான் கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

கிராம்

*

13ஆம் தேதி, புதன், நண்பகல்

எதிர் மாடிக்கு,

காரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நீங்கள் ஜன்னலில் நின்று இரண்டு கையையும் ஆட்டியதைப் பார்த்தேன். தெருவே பார்த்தது.

கண்மூடித்தனமாக அனுப்பவில்லை. கார் ஹாரன் அடித்ததும் நர்ஸிடம் அக்காவின் போனில் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டார். நேற்று மதியத்திலிருந்து எத்தனை ஈரத் துணி? ஐந்து. பசித்து அழுகிறாளா? அழுகிறாள், அதுவும் நம் டெப்போ ஹாரன் தோற்கும்! உதடு, நாக்கு ஈரமாக இருக்கிறதா? இருக்கிறது. "அப்ப நாளைக்குக் காலைல வரேன். நடுவுல சோர்ந்து போனா, எழுப்பியும் எழும்பலேன்னா, எனக்குக் காத்திருக்காம உடனே கெளம்பிடுங்க. நாளைக்கு எடை குறைஞ்சிருந்தா நானே கூட வந்து சேர்க்கிறேன்" என்றார். இது அவர் முடிவு, என் பிடிவாதம் இல்லை. நேற்று குறித்த கெடு மாறவில்லை.

காலையில் உங்கள் தராசு மறுபடி 2,710தான் காட்டியது. குறையவில்லை. இந்தச் செய்திக்கு நீங்கள் குதித்திருக்க வேண்டும். நீங்கள் கார் அனுப்புகிறீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். காலை ஏழு மணிக்கு அவள் நெஞ்சில் கிடந்தாள். நான் வழக்கம்போல ஸ்டாப் பேரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், மார்க்கெட், நூலகம், பாலம், ரயிலடி என்று. 'பாலம்' என்றதும் அவள் வாய் திறந்தது. அப்படியொரு திறப்பு! நான் யோசிக்கவே இல்லை, அணைத்துக்கொண்டேன். இழுத்தாள். பிறகு ஒரு சத்தம் கேட்டது. 'க்'. மறுபடி இழுப்பு, மறுபடி 'க்'. விழுங்குகிற சத்தம்! "அக்கா, ஓடி வாங்க" என்று கத்தினேன், அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினோம். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு 'க்'. அக்கா அழுதுவிட்டார். அந்த அக்கா!

உங்கள் முள்ளுக்கு அந்தச் சத்தம் கேட்காது. எனக்குக் கேட்டது. என் பேச்சை நம்புங்கள், அல்லது எழுதாமல் இருங்கள்.

கண்டக்டர்

*

13ஆம் தேதி, புதன், மாலை

நம்பத்தான் பார்க்கிறேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். 'க்' என்ற இடத்தில் நானும் விழுங்கிப் பார்த்தேன். தொண்டைப் புண்ணில் உயிர் போனது.

நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். இங்கே ஒரு கட்டிலும், ஏழு பழைய தராசுகளும், ஒரு ஜன்னலும்தான் இருக்கின்றன. காலையிலிருந்து படிக்கற்களை ஒரு துணியில் கட்டி 3,100 எடைக்கு மூட்டை செய்து கையில் வைத்துப் பார்க்கிறேன். பிறகு 390 கிராமை வெளியே எடுக்கிறேன். எடுத்தால் எவ்வளவு குறைகிறது என்று உனக்குத் தெரியாது. கைக்கு நன்றாகத் தெரிகிறது. அவளை ஒரு தடவைகூடத் தூக்காமல் இழந்துவிடுவேனோ என்று பயம். எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மாட்டேன், அப்படியே இருக்கட்டும்.

நாளை காலை முள் எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

*

14ஆம் தேதி, வியாழன், காலை 9.30 மணி

வெயிலில் காயப்போடாதே! உடனே படி! அக்கா, இதைக் கொடியில் மாட்டாமல் நேராக அவளிடம் கொடு!

முட்டாள், முட்டாள், நான் ஒரு வடிகட்டின முட்டாள்.

காலை ஏழு மணிக்கு ஜன்னலில் நின்றேன். அக்கா என் நேற்றைய கடிதத்தைக் கிளிப்பில் மாட்ட பால்கனிக்கு வந்தாள். தலைக்குக் குளித்து முடியைத் துண்டில் சுருட்டிக் கட்டியிருந்தாள். தடித்த வெள்ளைத் துண்டு, நீலக் கரை. அது என் துண்டு! தராசுத் தட்டில் நான் நாலாக மடித்துப் போட்டிருந்த துண்டு! குழந்தைக்குத் தகரம் சில்லென்று இருக்கக் கூடாது என்று அதைத் தட்டில் போட்டு, அதோடு சேர்த்துத்தான் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி அரக்கு வைத்தேன். துண்டு இருந்தால்தான் அந்தத் தராசு சரி. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தராசு தெரிந்த எவனும் தட்டில் இருப்பதை எடுக்க மாட்டான். வீட்டில் இருப்பவர்களுக்குத் தராசு தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

குரல் இல்லை. காலண்டர் தாளின் பின்னால் கொட்டை எழுத்தில் 'துண்டு' என்று எழுதி ஜன்னலில் காட்டினேன். அக்கா உற்றுப் பார்த்தாள், தலையாட்டினாள், உள்ளே போனாள். ஐந்து நிமிஷத்தில் அந்தத் துண்டையே கொண்டு வந்து என் படியில் போட்டுவிட்டு, "கேட்டா வேற தரமாட்டேனா, அதுக்கு எதுக்கு போஸ்டர்?" என்று திட்டிவிட்டுப் போனாள்!

நல்லதாகப் போயிற்று. ஜன்னல் வெயிலில் காய வைத்து, பட்டறைத் தராசில் போட்டேன். 160 கிராம். நீங்கள் தட்டில் என்ன போடுகிறீர்கள்? மெல்லிய துணி என்றால் ஒரு இருபது இருக்கும். அப்படியானால் முள் 140 குறைத்துக் காட்டுகிறது. வெறும் தட்டாக இருக்கும்போது முள் பூஜ்யத்துக்கும் கீழே போக முடியாமல் ஆணியில் முட்டிக்கொண்டு சரியாக நிற்பது போல ஏமாற்றும். யாருக்கும் தெரியாது.

அப்படியானால் செவ்வாய்க்கிழமை அவள் 2,710 இல்லை. 2,850! அந்த ஓட்டைத் தொங்கு தராசு சொன்ன அதே 2,850! எல்லைக்கு மேலேதான் இருந்திருக்கிறாள்!

நர்ஸிடம் என் மன்னிப்பைச் சொல். அவர் தராசிடமும் சொல்.

கிராம்

*

14ஆம் தேதி, வியாழன், காலை 11 மணி

அடப்பாவி மனுஷா!

மூன்று நாள்! மூன்று நாள் என்னைத் தூங்க விடாமல் அடித்தீர்கள்! அக்கா அந்தத் துண்டைத் திங்கட்கிழமையே எடுத்துவிட்டாராம். "தட்டுல தூசித் துண்டு கிடந்துச்சு, புள்ளைக்கு ஆகாதுன்னு துவைச்சேன். மெத்துன்னு இருந்துச்சு, வெச்சுக்கிட்டேன்" என்கிறார். நாங்கள் போடுவது என் பழைய புடவைத் துணி. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அக்காவைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்தார், இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்கு வயிறு உண்மையிலேயே வலித்தது. பிரசவமாகி ஆறு நாள்தான் ஆகிறது என்று நினைவிருக்கட்டும்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் வந்துவிட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. துண்டு எப்படியோ போகட்டும், கெடு கெடுதானே. தொங்கு தராசை மாட்டினார். குழந்தை கையைக் காலை உதைத்தாள். நர்ஸ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான், "சொல்லுங்கம்மா" என்று அவர் கையைப் பிடித்தே விட்டேன்.

"அவசரப்படாதீங்க, பாப்பா ஆடுறா. செவ்வாய்க்கு மேல கொஞ்சம் ஏறியிருக்கு. உங்க தட்டுல என்ன காட்டுது?"

உங்கள் தட்டில் 2,750. நேற்றை விட நாற்பது அதிகம். துண்டுக் கணக்கைச் சேர்த்தால் 2,890!

ஏறிவிட்டாள்! ஆஸ்பத்திரி இல்லை! நான் ஒரு விசில் அடித்தேன், வீட்டுக்குள், இரண்டு விரலை வாயில் வைத்து. குழந்தை அசையவே இல்லை. பஸ்ஸிலேயே பத்து மாதம் கேட்ட விசில்தானே.

துண்டு விஷயத்தைச் சொன்னதும் நர்ஸ், "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை?" என்று கேட்டார். தராசு ரிப்பேர் என்றேன். அவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். சிரித்து முடித்ததும் அவர் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதுகிறேன்: "அவரையும் திட்டாதீங்க. தராசு தப்பா காட்டினதாலதான் அன்னைக்கே என்னைக் கூப்பிட்டீங்க. அவ நுனியைக் கடிச்சது நெசம். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நெசமாவே அந்த நம்பருக்கு வந்திருப்பா."

இதைப் படித்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் பட்டுக்கொள்ளலாம். நேற்று நீங்கள் எழுதியதையும் இன்றுதான் படித்தேன், படிக்கல் மூட்டை பற்றி. அந்த மூட்டையை அவிழ்த்துப் போடுங்கள். அவளை யாரும் இழக்கப் போவதில்லை.

கண்டக்டர்

*

18ஆம் தேதி, திங்கள், மாலை

என் கிராமுக்கு,

டாக்டர் உங்களைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம், எல்லாம் பொருக்கு விட்டாயிற்று, நாளை காலை வீட்டுக்கு வரலாம் என்று. அக்கா அதை என்னிடம் சொல்லும் முன்பே பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டார்.

கிண்ணத்தை நேற்றே கழுவிக் கவிழ்த்தாயிற்று. இப்போதெல்லாம் அவள் தானே எழுந்து, தானே ஹாரன் அடித்து, தானே வாய் திறந்து ஏறிக்கொள்கிறாள். நான் ஸ்டாப் பேர் சொல்வது என் ஆசைக்குத்தான். இன்று ரயிலடி தாண்டியும் இறங்கவில்லை, கடைசி நிறுத்தம் வரைக்கும் குடித்தாள்.

நர்ஸ் வந்து எடை பார்த்தார். உங்கள் தட்டிலும் பார்த்தோம், துண்டை முறைப்படி மடித்துப் போட்டு. இரண்டும் ஒரே எண்.

அந்த எண்ணை எழுத மாட்டேன். அக்காவிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன். கையில் வாங்கினால் பத்து கிராம் வித்தியாசத்தில் சொல்லும் ஆள்தானே? வாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாங்கிப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் ஒரு மாதம் ஈரத் துணி துவைப்பது உங்கள் வேலை.

கண்டக்டர்

*

19ஆம் தேதி, செவ்வாய், காலை 10 மணி
நம் வீட்டுக் கூடத்திலிருந்து

கண்டக்டர் அம்மாவுக்கு,

நீ உள்ளே அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். சத்தம் போட்டால் வாயை எடுத்துவிடுவாள் என்று அக்கா என்னைக் கூடத்தில் உட்கார வைத்து, விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டுப் போனாள். எனக்கு இருப்பதோ பாதிக் குரல். அதனால் இதையும் எழுதியே கொடுக்கிறேன். கடைசிக் கடிதம், வெயிலில் காய வேண்டியதில்லை.

காலையில் நீ அவளை என் கையில் வைத்துவிட்டு, "சொல்லுங்க, எத்தனை?" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லாமல் இருக்கிறேன் என்று நீ நினைத்துச் சிரித்தாய்.

எனக்குத் தெரியவில்லை. வாங்கியதும் கையை வழக்கம்போல லேசாக ஆட்டிப் பார்க்க நினைத்தேன், ஆட்ட முடியவில்லை. அவள் மூக்கைப் பார்த்தேன், உன் மூக்கு. காதைப் பார்த்தேன், அக்கா காது, பாவம். அவள் என் சட்டைப் பொத்தானை நோக்கி வாயைப் பெரிதாகத் திறந்தாள். அப்புறம் எனக்கு ஒரு எண்ணும் நினைவுக்கு வரவில்லை. இருபது வருஷத்தில் இந்தக் கை ஒரு பொருளை வாங்கிவிட்டு எடை சொல்லாமல் நின்றது இன்றுதான்.

இதோ இப்போதும் கதவு வழியாகக் கேட்கிறது. க். க். எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டிவிட்டது.

அந்த எண்ணைச் சொல்லாதே. ஈரத் துணி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்.

உன் கிராம்